மலையிலிருந்து மலேசியாவுக்குத் தனியாக: 18, 19 வயதுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, கூடலூர் பக்கம் இருந்துகொண்டு, கல்லூரியில் முதல் வருடமோ இரண்டாம் வருடமோ படித்துக்கொண்டு, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தனியாக வெளிநாடு போய் வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கிளம்பும்போது கிடைத்த குறிப்புகள் எல்லாம் சென்னை, பெங்களூர்க்காரர்கள் எழுதியவை. எஸ்டேட் லைன் வீட்டு முகவரியை வைத்துக்கொண்டு பாஸ்போர்ட் எடுப்பது எப்படி, மழைக்காலத்தில் மலையிறங்கி விமானத்தைப் பிடிப்பது எப்படி என்று அவற்றில் இல்லை. ஒவ்வொன்றையும் முட்டி மோதித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஊர் சுற்றுவது சுலபம். சிரமமெல்லாம் கிளம்புவதற்கு முன்னால்தான். இந்த வயதில், தனியாக, சின்னப் பையோடு மலேசியா போகிறவரைப் பார்த்தால் அதிகாரிகளுக்கு முதலில் தோன்றுவது, ‘இது வேலைக்குப் போகிற கேஸ், யாரோ ஏஜென்ட் அனுப்புகிறான்’ என்பதுதான். சுற்றுலா என்று போய் அங்கே கடைகளில் வேலைக்கு நின்றுவிடுகிறவர்கள் நிஜமாகவே இருப்பதால், அந்தச் சந்தேகத்தைத் தப்பு என்று சொல்லவும் முடியாது. நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு காகிதமும் அந்தச் சந்தேகத்துக்குப் பதில் என்று நினைத்துக்கொண்டால், எதைச் சேர்ப்பது எதை விடுவது என்பது தானாகவே விளங்கும்.

1. வயதும் நாடும்

18 முடியட்டும். அதற்கு முன் போகவே முடியாது என்றில்லை. ஆனால் பெற்றோர் சம்மதக் கடிதம் வேண்டும், பல விடுதிகள் பொது அறையில் படுக்கை தர மாட்டார்கள், வங்கியில் வெளிநாட்டில் செல்லும் கார்டு வாங்குவதும் பாடு. இதெல்லாம் ஒரே நாளில் தீர்ந்துபோகும், உங்கள் பிறந்தநாளில். பொறுத்திருங்கள்.

முதல் நாடாக நான் மலேசியாவைத்தான் சொல்வேன். இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை 30 நாட்களுக்கு விசா தேவையில்லை என்று அறிவித்திருக்கிறார்கள். திருச்சியிலிருந்து நேர் விமானம் இருக்கிறது, 4 மணி நேரம்தான். வழி தெரியாமல் நின்றால் தமிழில் கேட்க ஆள் கிடைக்கும். முதல் தடவைக்கு அது சின்ன விஷயமில்லை. விசாச் சலுகைகள் அவ்வப்போது மாறும் என்பதால், டிக்கெட் போடும் அன்று மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

2. பாஸ்போர்ட்: பெயரும் முகவரியும்

நீலகிரிக்குக் கோவை மண்டல அலுவலகம். கொடைக்கானல், பழனி மலைக்காரர்களுக்கு மதுரை. விண்ணப்பமும் நேரம் வாங்குவதும் பாஸ்போர்ட் சேவா தளத்தில்தான். தள முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிய வேண்டும். தேடும்போது மேலே வரும் தனியார் தளங்கள் அதே படிவத்தைக் காட்டி மூன்று மடங்கு பணம் வாங்கும். 18 வயது முடிந்தவருக்கு 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். தட்கல் என்றால் இன்னும் 2,000. உங்களுக்குத் தட்கல் தேவைப்படாது, நாள் வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் போதும். இன்னொரு வழியும் உண்டு: 15 வயது முடிந்தவர்கள் பெற்றோர் உறுதிமொழியோடு பத்தாண்டுப் பாஸ்போர்ட்டே கேட்டு வாங்கலாம். 17-ல் எடுத்து வைத்தால் 18-ல் பறக்கலாம்.

இனி சிக்கலுக்கு வருவோம். நம் ஆட்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரோடு ஓர் இனிஷியல்தான் வைத்திருப்போம். பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். குடும்பப் பெயர்தான் நமக்கு இல்லையே என்று அதைக் காலியாக விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள், அப்பா பெயரை அதில் போடுங்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விமான டிக்கெட் போடுவதே ஒரு தலைவலி. பின்னால் வேறு நாடு போகும்போதும் இடிக்கும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 முதல் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குச் சுற்றுலா விசாவில் கெடுபிடி செய்கிறது. அப்பா பெயரைப் போட்டால் ஒரே ஒரு விளைவுதான்: விடுதி வரவேற்பில் உங்களை அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். முதலில் சிரிப்பு வரும், அப்புறம் பழகிவிடும்.

இனிஷியலின் விரிவுக்குச் சான்று கேட்டால் காட்ட, அப்பாவின் ஆதாரையும் உங்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் அசலாகக் கொண்டுபோங்கள். அவற்றில் அப்பா பெயரின் எழுத்து எப்படியிருக்கிறதோ அப்படியே படிவத்திலும் இருக்க வேண்டும். எண்கணிதம் பார்த்து நடுவில் ஓர் எழுத்தைச் சேர்த்திருந்தால், அந்தக் கூடுதல் எழுத்தையும் சேர்த்துத்தான்.

அடுத்தது முகவரி. நம் பக்கத்தில் பாதி வீடுகளுக்குக் கதவு எண்ணே கிடையாது. ஊர்ப் பெயரிலுள்ள ‘ஹட்டி’யை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் ஆவணத்தில் ‘ஐ’யிலும் இன்னொன்றில் ‘ஒய்’யிலும் முடித்திருப்பார்கள். லைன் வீடு என்றால் டிவிஷன் பெயர் ஒன்றில் இருக்கும், ஒன்றில் இருக்காது. என் யோசனை: எது சரி என்று ஆராயாதீர்கள். ஆதாரில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே படிவத்தில் இறக்குங்கள். ஆதாரே தப்பு என்றால் முதலில் அதைத் திருத்தி, புதுப் பிரதி கையில் வந்த பிறகு விண்ணப்பியுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் இரண்டும் நின்றுபோகும்.

ஆதாரோடு இணைத்த கைபேசி எண் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். எட்டாம் வகுப்பில் அப்பாவின் பழைய எண்ணைக் கொடுத்திருப்பார்கள், அந்த சிம் எப்போதோ செத்திருக்கும். இந்த எண் பின்னால் பான் கார்டுக்கும் வேண்டும்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழின் அசலை மறக்கவே கூடாது. அது பிறந்த தேதிக்கும் ஆகும். அதைவிட முக்கியம், ‘குடியேற்றச் சரிபார்ப்பு தேவை’ என்ற முத்திரை பாஸ்போர்ட்டில் விழாமல் காப்பாற்றுவதும் அதுதான். அந்த முத்திரைக்குரிய நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கான விதிதான் அது, சுற்றுலாவுக்குத் தடையில்லை. என்றாலும் அந்த முத்திரையோடு தனியாக நிற்கும் 19 வயதுக்காரரிடம் கேள்விகள் இரண்டு மடங்காகும்.

நேரம் வாங்கும்போது காலை 9 மணியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முதல் பேருந்தைப் பிடித்து மேட்டுப்பாளையம் வழியாகக் கோவை போய்ச் சேர்ந்து, உள்ளே நுழைவதற்குள் மூச்சு வாங்கும். 11 மணிக்கு மேல் வாங்குங்கள். மே மாதம் வேண்டவே வேண்டாம். சீசனில் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழிப்பாதை ஆக்குவார்கள். சுற்றுலா வண்டிகளுக்கு நடுவே நம் பேருந்து ஊர்ந்துதான் இறங்கும்.

உள்ளே மூன்று கவுண்டர்கள். முதலாவதில் ஆவணங்களை ஸ்கேன் செய்து, படமும் கைரேகையும் எடுப்பார்கள். அடுத்த இரண்டிலும் அதிகாரிகள் சரிபார்ப்பார்கள். அசல், ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல், அவ்வளவுதான். மலையிலிருந்து சுவெட்டரோடு இறங்கி அப்படியே படத்துக்கு உட்கார்ந்தால் பத்து வருடமும் அந்த முகம்தான்.

3. போலீஸ் விசாரணையும் தபாலும்

கோவையில் முடிந்ததும் விவரம் உங்கள் காவல் நிலையத்துக்குப் போகும். இங்கேதான் மலைவாசிகளின் விண்ணப்பம் தேங்குகிறது. அவர்கள் தெரியாத எண்ணிலிருந்து கூப்பிடுவார்கள், உங்கள் வீட்டில் சிக்னல் ஜன்னலோரம் மட்டும்தான் இருக்கும். இரண்டு தடவை கூப்பிட்டு எடுக்காவிட்டால் அந்தக் கோப்பு அடியில் போய்விடும். விண்ணப்பத்தில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் எண்ணைக் கொடுங்கள். ஒரு வாரத்தில் அழைப்பு வராவிட்டால், விண்ணப்ப எண்ணை எழுதிக்கொண்டு நீங்களே நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள்.

எங்கள் ஊருக்கு வந்த காவலர் வீட்டு வாசலில் நின்று, “ஏம்மா, வேலைக்கா போறே?” என்று கேட்டார். படிக்கிறேன், லீவில் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்றேன். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் திரும்பி, “இந்தப் பொண்ணு இங்கதான் இருக்கா?” என்றார். பாட்டி பதில் சொல்வதற்குப் பதிலாக, “எதுக்குய்யா கேக்கறே, யாராவது ஏதாவது சொன்னாங்களா?” என்று அவரையே மடக்கினார். சிரித்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடமாவது முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். விசாரணைக்கென்று தனிக் கட்டணம் எதுவும் கிடையாது.

புத்தகம் விரைவுத் தபாலில் வரும், உங்கள் கையில்தான் கொடுப்பார்கள். கிளை அஞ்சலகத்திலிருந்து தபால்காரர் தினமும் எல்லா ஹட்டிக்கும் வருவதில்லை. அனுப்பிய குறுஞ்செய்தி வந்ததுமே அஞ்சலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அங்கேயே ஆதாரைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். மொத்தத்தில் ஒன்றரை மாதம் ஒதுக்குங்கள். சீக்கிரம் வந்தால் லாபம்.

4. வீட்டில் சம்மதம்

இதற்கு வழிகாட்டி எழுத யாராலும் முடியாது. பாஸ்போர்ட் வந்த பிறகு பேசினால் பாதி வேலை முடிந்திருக்கும், அவ்வளவுதான் சொல்வேன். எங்கே தங்குகிறேன், எந்தப் பேருந்தில் போகிறேன் என்று நாள்வாரியாக ஒரு தாளில் எழுதி, டி.வி. பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். என் தாளில் மலேசியாவின் தேயிலை ஊரான கேமரன் மலையைப் பார்த்ததும், “தேயிலைத் தோட்டம் பார்க்கவா அவ்ளோ தூரம் போறே?” என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான், என்னிடம் நல்ல பதில் இல்லை.

5. டிக்கெட்

பாஸ்போர்ட் கையில் வராமல் டிக்கெட் போடாதீர்கள். எண்ணும் பெயரும் அதிலுள்ளபடியே வேண்டும். பயணத் தேதியிலிருந்து 6 மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும் என்பது விதி, புதுப் புத்தகத்துக்கு அந்தக் கவலையில்லை.

திருச்சி–கோலாலம்பூர் தடத்தில் ஏர்ஏசியாவும் பாத்திக் ஏரும் பறக்கின்றன. இரண்டு மாதம் முன்னால் பார்த்தால், பை சேர்க்காமல் போக வர 12,000-லிருந்து 18,000 ரூபாய்க்குள் அமையும். தைப்பூசம், தீபாவளி, பள்ளி விடுமுறை ஒட்டிய நாட்களில் ஏறிவிடும். திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே போடுங்கள். ‘அப்புறம் அங்கிருந்து போட்டுக்கலாம்’ என்று ஒருவழி டிக்கெட்டோடு போகிறவர்களைத்தான் கவுண்டரில் ஓரமாக உட்கார வைக்கிறார்கள்.

காட்டும் விலை ஒன்று, கடைசியில் கட்டும் விலை ஒன்று. இருக்கை, சாப்பாடு, காப்பீடு, பை என்று ஒவ்வொன்றாக அவர்களே தேர்வு செய்து வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் நீக்குங்கள். இந்த டிக்கெட்டில் கைப்பை 7 கிலோ, அந்த 7 கிலோவுக்குள் அடங்குவதுதான் முதல் பயணத்துக்கு நல்லது.

6. பணம்

மலேசியப் பணமான ரிங்கிட்டுக்கு 20 ரூபாய்க்கு மேலே வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு நாளுக்கு, படுக்கைக்கு 40 முதல் 60 ரிங்கிட், சாப்பாட்டுக்கு 35 முதல் 40, உள்ளூர்ப் போக்குவரத்துக்கு 10 முதல் 15. ஊர் மாறும் நாளில் பேருந்துக் கட்டணம் தனி. எட்டு ஒன்பது நாளைக்கு டிக்கெட்டும் சேர்த்து 40,000-லிருந்து 45,000 ரூபாய்க்குள் முடியும். மேலே ஒரு 8,000 தொடாமல் இருக்கட்டும்.

அங்கீகாரம் பெற்ற நாணய மாற்றுக் கடையில் ரிங்கிட் வாங்க பாஸ்போர்ட், டிக்கெட், பான் மூன்றும் கேட்பார்கள். பான் இல்லையென்றால் வருமான வரித் தளத்தில் ஆதாரை வைத்து உடனடி இ-பான் இலவசமாக எடுக்கலாம். இதற்குத்தான் ஆதார் எண்ணோடு இணைந்த சிம் உயிரோடு இருக்க வேண்டும். கோவையில் இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு வாங்குங்கள். விமான நிலையக் கவுண்டரில் மாற்றுவது வீண் நஷ்டம். பாதியை ரொக்கமாகவும் மீதியை ஃபாரெக்ஸ் கார்டிலும் (வெளிநாட்டுப் பணத்தை ஏற்றி வைக்கும் கார்டு) வைத்துக்கொள்ளலாம். ரசீதை எறியாதீர்கள், கோப்பில் போடுங்கள்.

உங்கள் சாதாரண டெபிட் கார்டு வெளிநாட்டில் தானாக வேலை செய்யாது. 2020 முதல் புதிய கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்து தரப்படுகின்றன. வங்கிச் செயலியில் போய் வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்கள்தான் இயக்க வேண்டும். கூடவே இந்திய சிம்முக்கு ரோமிங்கையும் கேட்டு இயக்கிவிடுங்கள். அங்கே புது சிம் போட்டுவிட்டு, ஓ.டி.பி. வராமல் கார்டு முடங்கிக் கிடப்பவர்களை விடுதியில் பார்த்தேன்.

7. கோப்பு

ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்குங்கள். எல்லாவற்றையும் தாளில் எடுத்து வரிசையாக வையுங்கள். கைபேசியில் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கவுண்டரில் நிற்கும்போது சார்ஜ் போகும், படம் திறக்காது, பின்னால் இருப்பவர்கள் முனகுவார்கள்.

மேலே திரும்பும் டிக்கெட், அதற்குக் கீழே எல்லா இரவுகளுக்குமான விடுதிப் பதிவு. முதல் இரவுக்கு மட்டும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பின்னால் ரத்து செய்யக்கூடியதாகவே இருந்தாலும் எல்லா இரவுக்கும் இருக்கட்டும். அடுத்து, கல்லூரியில் வாங்கிய போனஃபைடு சான்றிதழ். விடுமுறை முடிந்து எந்தத் தேதியில் வகுப்பு தொடங்குகிறது என்று அதில் ஒரு வரி சேர்த்துத் தரச் சொல்லுங்கள். நான் கொண்டுபோன காகிதங்களிலேயே அதிகம் உழைத்தது இதுதான். திரும்பி வருவதற்கு உங்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது என்பதை வேறு எதுவும் இவ்வளவு நேராகச் சொல்வதில்லை. அப்புறம் மூன்று மாத வங்கி அறிக்கை, நாணயம் வாங்கிய ரசீது, பயணக் காப்பீடு (ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், கட்டாயமில்லை, ஆனால் எடுங்கள்), பெற்றோர் கையெழுத்திட்ட ஒரு கடிதம், அவர்கள் ஆதார் நகல். 18 முடிந்தவருக்குப் பெற்றோர் கடிதம் சட்டப்படி தேவையில்லை. இருந்தாலும் வையுங்கள்.

கடைசியாக மலேசியாவின் மின்னணு வருகை அட்டை. எம்.டி.ஏ.சி. என்பார்கள். 2024 முதல் கட்டாயம். இறங்கும் நாளுக்கு முந்தைய 3 நாட்களுக்குள்தான் நிரப்ப முடியும், ஒரு வாரம் முன்னாலேயே உட்கார்ந்தால் ஏற்காது. முற்றிலும் இலவசம். பணம் கேட்டால் அது போலித் தளம். அசல் தளம் மலேசிய அரசின் ‘கவ் டாட் எம்ஒய்’ என்று முடியும். நிரப்பியதும் மின்னஞ்சலில் வருவதையும் அச்செடுத்துக் கோப்பில் சேருங்கள்.

8. பை

மலைக்காரர்கள் செய்யும் ஒரே தவறு துணி. ஸ்வெட்டர் ஒன்று போதும், அதையும் மேலே போட்டுக்கொண்டே போங்கள், எடை மிச்சம். கோலாலம்பூரில் 32 டிகிரி, காற்றிலேயே ஈரம். நம் உடம்புக்கு முதல் இரண்டு நாள் கஷ்டம்தான். சீக்கிரம் உலரும் மூன்று செட் துணி, ஒரு மெல்லிய துண்டு, செருப்பு.

கொசுவர்த்தி நம் வீடுகளில் இருக்காது, அதனால் நினைவே வராது. மலேசியாவில் டெங்கு உண்டு. மேலே பூசும் கொசு மருந்து வாங்குங்கள், 100 மில்லிக்குள். கைப்பையில் போகும் திரவம் எதுவும் 100 மில்லியைத் தாண்டக் கூடாது. அம்மா கொடுக்கும் தைல பாட்டிலும் ஊறுகாயும் இதில் அடங்கும். சின்னப் புட்டியில் ஊற்றித் தரச் சொல்லுங்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான் வரலாம். 20,000 மில்லி ஆம்பியர் வரை பிரச்சினையில்லை, விமானத்துக்குள் அதில் சார்ஜ் போட விடமாட்டார்கள். அங்கே சுவரில் இருப்பது சதுரக் கால் கொண்ட மூன்று முள் பிளக். நம் சார்ஜர் சேராது, ஒரு மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். விடுதி லாக்கருக்கு ஒரு சின்னப் பூட்டும்.

9. மலையிறங்குவதும் திருச்சி கவுண்டரும்

விமானத்துக்கு முந்தைய நாளே இறங்கிவிடுங்கள். அக்டோபர், நவம்பரில் இது ஆலோசனையில்லை, கட்டளை. ஒரு மரம் விழுந்தால் பர்லியாறு சாலை அரை நாள் நிற்கும். கோவையில் திருச்சிப் பேருந்து சிங்காநல்லூரிலிருந்து கிளம்புகிறது. காந்திபுரத்தில் இறங்கித் தேடாதீர்கள். ஐந்தாறு மணி நேரம். பஞ்சப்பூரில் புது நிலையம் வந்த பிறகு திருச்சியில் எங்கே இறக்கிவிடுவார்கள் என்பதை ஏறும்போதே நடத்துனரிடம் கேட்டுவிடுங்கள். விமான நிலையத்துக்கு 3 மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள். செயலியில் செக்-இன் முடித்திருந்தாலும் ஆவணம் காட்டக் கவுண்டருக்குப் போகத்தான் வேண்டும்.

அங்கே வரிசையில் நிற்கும்போது யாராவது அன்பாகப் பேச்சுக் கொடுப்பார்கள். “பாப்பா, உனக்குப் பையே இல்லையே, இந்தப் பார்சலை மட்டும் உன் பேர்ல போட்டுக்கறியா? அங்க எங்க அண்ணன் வந்து வாங்கிக்குவாரு.” இந்தத் தடத்தில் ‘குருவிகள்’, அதாவது காசுக்காக அடுத்தவர் பொருளைக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள், அதிகம். பார்சலில் சேலை இருக்கலாம், முறுக்கு இருக்கலாம், வேறு எதுவும் இருக்கலாம். மலேசியாவில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு. “முடியாதுண்ணா” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். காரணம் சொல்லத் தொடங்கினால் பேச்சு நீளும்.

குடியேற்ற அதிகாரி என்னிடம் கேட்டவை இவ்வளவுதான்.

“எதுக்கு மலேசியா?”

“சுத்திப் பார்க்க சார்.”

“தனியாவா? அங்க யார் இருக்கா?”

“யாரும் இல்ல சார். விடுதி போட்டிருக்கேன்.”

“டிக்கெட் யார் எடுத்துக் கொடுத்தது?”

“நானே சார். சீசன்ல ஒரு ஹோம்ஸ்டேல வேலை பார்த்தேன்.”

கோப்பை வாங்கிப் புரட்டினார். போனஃபைடு சான்றிதழில் விரலை வைத்துத் தேதியைப் படித்தார், திரும்பும் டிக்கெட்டின் தேதியோடு ஒப்பிட்டார், முத்திரை குத்தினார். கேட்டதற்கு மட்டும் பதில், உள்ளது உள்ளபடி. ‘மாமா கடை இருக்கு, கொஞ்ச நாள் கூட இருந்து பார்ப்பேன்’ மாதிரிப் பேச்செல்லாம் விளையாட்டுக்குக் கூட வேண்டாம்.

10. கோலாலம்பூரில் இறங்கியதும்

அங்கே மணி நம்மைவிட 2½ மணி நேரம் முன்னால். ஏர்ஏசியா இறங்குவது இரண்டாம் முனையத்தில். குடிநுழைவுக் கவுண்டரில் மறுபடி அதே கேள்விகள், ஆங்கிலத்தில். எத்தனை நாள், எங்கே தங்குகிறாய், எவ்வளவு பணம். திருப்தியில்லை என்றால் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. இளைஞர்கள் அப்படித் திரும்புவதும் நடக்கிறது. கோப்பும் ரிங்கிட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தனியாக அழைத்துப் போனாலும் பதறாமல் அதே பதில்களைச் சொல்லுங்கள்.

வெளியே வந்ததும் சிம் வாங்குங்கள், பாஸ்போர்ட் கேட்பார்கள். நகரின் மைய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலுக்கு விரைவு ரயில் 55 ரிங்கிட், பேருந்து ஏறத்தாழ 15. பேருந்து ஒரு மணி நேரம்தான், அவசரம் உங்களுக்கு என்ன? டச் என் கோ அட்டை ஒன்று வாங்கினால் நகர ரயில், பேருந்து இரண்டுக்கும் ஆகும். டாக்சிக்கு கிராப் செயலி. அதை ஊரிலேயே இந்திய எண்ணில் பதிந்து வைத்துவிடுங்கள்.

விடுதியில் சாவிக்கு முன்பணம் ரொக்கமாகக் கேட்பார்கள், திருப்பித் தருவார்கள். வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியும் உண்டு. பதிவில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெண்கள் மட்டும் தங்கும் அறை பல விடுதிகளில் இருக்கிறது, சில ரிங்கிட் கூட. முதல் இரவுக்கு அது சரியான செலவு.

11. சுற்றும் வழி

எட்டு ஒன்பது நாளுக்கு மூன்று ஊர் போதும். கோலாலம்பூரில் மூன்று இரவு: பத்து மலை முருகன் கோயிலுக்கு கே.எல். சென்ட்ரலிலிருந்து கொம்யூட்டர் ரயில், ஏற 272 படி, கோயிலுக்குக் கட்டணமில்லை. நம் கால்களுக்கு அது ஒன்றுமே இல்லை, வெயில்தான். அடுத்து டி.பி.எஸ். பேருந்து நிலையத்திலிருந்து கேமரன் மலையின் தானா ராத்தா, நாலைந்து மணி நேரம். இரண்டு இரவு. அங்கிருந்து பேருந்தில் பினாங்கு, மூன்று இரவு. திரும்ப பட்டர்வொர்த்திலிருந்து ரயிலில் கோலாலம்பூர். வார இறுதி ரயில் டிக்கெட் சீக்கிரம் தீரும், முன்பதிவு செய்யுங்கள்.

தானா ராத்தாவில் பேருந்தை விட்டு இறங்கினால் குளிரும் பச்சை இலை வாசமும் நேராகக் கோத்தகிரி. சரிவில் தேயிலைதான், ஆனால் நம் ஊர் போல நடுவே சில்வர் ஓக் நிற்கவில்லை, மொட்டையாக வழித்து வைத்தாற்போல் இருந்தது. மழைக்கு ஒதுங்கிய கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிட்டேன். கடைக்கார அக்கா, “எந்த ஊரும்மா?” என்றார். நீலகிரி என்றதும், “அங்கயும் இதே குளிர்தானே, இங்க எதுக்கு வந்தே?” என்றார். காசு எவ்வளவு என்று கேட்டால், “அஞ்சு வெள்ளி குடு, போதும்.” அங்கே தமிழில் ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள். மாமாக் கடை எனப்படும் தமிழ் முஸ்லிம் உணவுக் கடைகளில் சாப்பிட்டால் உணவுச் செலவு பாதியாகும். மால்களில் சாப்பிட்டால் கணக்கு அன்றைக்கே உடையும்.

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார், அந்தத் தாளோடு கோலாலம்பூர் இந்தியத் தூதரகம். அவசர எண் 999. பாஸ்போர்ட்டின் நகல் ஒன்றைப் பையிலும் இன்னொன்றை வீட்டிலும் வையுங்கள்.

12. திரும்பும்போது

குருவிகள் இந்தப் பக்கமும் காத்திருப்பார்கள். இந்த முறை பார்சல் இல்லை, “சும்மா கழுத்துல போட்டுக்கோம்மா, திருச்சியில கழட்டிக் குடுத்திடு” என்று ஒரு சங்கிலி. தங்க நகைக்கான வரிச்சலுகை, ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் குடியிருந்து திரும்புகிறவர்களுக்குத்தான். ஒரு வாரம் சுற்றிவிட்டு வருகிற உங்களுக்குக் கிடையாது. சுங்கத்தில் பிடித்தால் பெயர் உங்களுடையது. சாக்லேட் வாங்கிக்கொண்டு வாருங்கள், அதற்கு யாரும் எதுவும் கேட்பதில்லை.

விமானம் மாலையில் இறங்கினால் அன்றே ஊர் வந்து சேரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். திருச்சியிலிருந்து கோவை, அங்கிருந்து மேட்டுப்பாளையம் என்று வருவதற்குள் மலையேறும் கடைசி வண்டி போயிருக்கும். கோவையில் சொந்தக்காரர் வீடு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் இரவுப் பேருந்தில் மெதுவாக வந்து, விடிகாலை மேட்டுப்பாளையத்தில் முதல் வண்டியைப் பிடியுங்கள். பையிலிருந்து ஸ்வெட்டரை அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள்.